தண்ணீரில் முங்கிய நல்ல பை

தினமும் காலை ஏழு மணிக்கு என் போனில் குப்பை வந்து விழும். அனுப்புகிறவள் சாந்தி. படூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் நான் இருந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டிரைக் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் குப்பை என்னை விடுவதாக இல்லை. நேற்று வந்த படம் ஓர் உடைந்த பிளாஸ்க். அதற்கு முந்தின நாள் பாதி பிதுக்கிய பேஸ்ட் டியூப். கீழே ஒரே கேள்விதான் இருக்கும்: "ரோசிக்கா, இது போவுமா?"

'போகும்' என்றால், அது யாரிடமாவது போய் உருகியோ ஊறியோ அரைபட்டோ இன்னொரு பொருளாகத் திரும்பி வரும் என்று எங்கள் பாஷையில் அர்த்தம். 'போகாது' என்றால் நேராகக் குப்பைமேடு. புதிதாக இரண்டு குடியிருப்புகள் கொட்டகையில் சேர்ந்திருக்கின்றனவாம். அந்த வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க, ஒரு பக்கம் போகும், மறுபக்கம் போகாது என்று பட்டியல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் சாந்தி. தாளை எடுத்து உட்கார்ந்தேன். பட்டியல் பாதியில் நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக இந்தக் கதை வந்துவிட்டது.

எழுதிய மட்டும் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாள் போகும், கடை பில் போகாது. இரண்டும் காகிதம்தானே என்பீர்கள். பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். சூடு பட்டால் எழுத்து வருவதற்காக மருந்து பூசிய தாள் அது, காகித ஆலைக்காரன் கையால் தொட மாட்டான். சாப்பாடு மடித்து வரும் வெள்ளித்தாள் போகும், சிப்ஸ் கவர் போகாது. இரண்டும் பளபளவென்றுதான் இருக்கும். கசக்கிவிட்டுக் கையைத் திறங்கள். கசங்கினபடி கிடந்தால் அலுமினியம். மறுபடி விரிந்து நம்மைப் பார்த்துச் சிரித்தால் சிப்ஸ் கவர். முட்டை அட்டை போகும். கொட்டாங்குச்சி கரி சுடுகிறவர்களிடம் போகும். பீர் பாட்டில் போகும், முகம் பார்க்கும் கண்ணாடி போகாது. டியூப் லைட்டை உடைக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். பால் கவர் எங்கள் கொட்டகையின் ராஜா. ஆனால் மூலையை முழுசாக வெட்டி எறியாதீர்கள், ஓரமாகக் கீறி அப்படியே தொங்க விடுங்கள். அந்தச் சின்ன முக்கோணம் யார் கையிலும் அகப்படாமல் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

பால் கவர் என்று எழுதியதும் பேனா நின்றது. செல்வி ஞாபகம் வந்துவிட்டாள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது அச்சரப்பாக்கம் பக்கம், நாற்று நடுகிற கூலிக் குடும்பத்தில். கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்கு வந்தேன். வீட்டுக்காரர் ரயிலேறி வேலைக்குப் போவார். நான் நடந்து போகிற தூரத்தில் யூசுப் பாயின் காயலான் கடை இருந்தது. பழைய இரும்பும் பேப்பரும் பிளாஸ்டிக்கும் வாங்கி விற்கும் கடை. பிரித்துப் போடுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். குப்பையைப் பிரிக்க என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் போய் நின்றேன்.

யூசுப் பாய் சின்ன உருவம். அத்தனை துருவுக்கும் அழுக்குக்கும் நடுவே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருப்பார். சாவிக்கொத்தோடு சேர்த்து ஒரு காந்தம் சணல் கயிற்றில் தொங்கும். எந்தப் பாத்திரம் வந்தாலும் முதலில் அந்தக் காந்தம் போய் முத்தமிடும். ஒட்டினால் தகரம். ஒட்டாவிட்டால் எவர்சில்வரோ அலுமினியமோ, கையில் கனம் பார்த்துச் சொல்லிவிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு பொருளை என் கையில் கொடுத்துவிட்டு, "கண்ண மூடிக்கம்மா. இன்னா சொல்லுது?" என்பார். அந்தப் பொருள் என்ன சொல்கிறது என்று கேட்கிறார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

உண்மையில் அது சொல்லத்தான் செய்தது. சிமென்ட் தரையில் போட்டால் பேனா மூடி 'டக்'கென்றது, ஷாம்பு பாட்டில் 'தொப்'பென்றது. கசக்கினால் பிஸ்கட் கவர் மொறமொறத்தது, பால் கவர் வாய் திறக்கவில்லை. காது ஏமாந்தால் நெருப்பு. துணுக்கு ஒன்றைக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால், பால் கவர் மெழுகுவத்தி வாசனையோடு சொட்டும். வயர் தோல் மூக்கைப் பொசுக்கும். "ரெண்டு தரத்துக்கு மேல மோந்து பாக்காத, நெஞ்சு கெட்டுப்பூடும்" என்பார் பாய். நெருப்பும் குழப்பினால் கடைசியில் தண்ணீர் டிரம். தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் துண்டுபோட்டு உள்ளே போட்டால் மூடி மிதக்கும், பாட்டில் முங்கும். ஒரே பாட்டில், இரண்டு ஜாதி! அன்றைக்கு நான் அந்த டிரம்மை விட்டு நகரவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன், என் வளையல் துண்டு உள்பட. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட வேண்டும் என்பதையும் பாய்தான் சொன்னார். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு முங்க வேண்டியதும் மிதந்து பொய் சொல்லும்.

பாயிடம் ஒரே ஒரு குறை. 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே கிடையாது. ஏதாவது புதுசாக வந்து அவருக்கே பிடிபடவில்லை என்றால், அதை இப்படியும் அப்படியும் திருப்பி, காந்தத்தை ஒருமுறை காட்டி, கனத்த குரலில் "இது வேற ரகம்" என்று சொல்லிக் கழிவில் போட்டுவிடுவார். நாங்களும் பக்தியோடு தலையாட்டுவோம். 'வேற ரகம்' என்றால் பாய்க்குத் தெரியவில்லை என்று அர்த்தம் என்பது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. புரிந்த பிறகும் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நல்லதோடு இதுவும் சேர்ந்து வந்தது.

பாயின் பிள்ளைகள் கடையை மூடி அதே இடத்தில் செல்போன் கடை வைத்தார்கள். அதன் பிறகுதான் படூர். மூன்று குடியிருப்புகள் சேர்ந்து ஒரு கொட்டகை போட்டு, ஐந்து பெண்களை வேலைக்கு வைத்து, என்னை மேற்பார்வைக்குக் கூப்பிட்டார்கள். வேலை தெரிந்தவள் என்ற பெயர் எனக்கு. அந்தப் பெயர் லேசில் கிடைக்கவில்லை, அதனால் அதைக் காப்பாற்றிக்கொள்வதில் எனக்கு வெறி. எவளாவது ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து "அக்கா, இது எதுல?" என்று கேட்டால், "இத்தினி நாளா இங்க இன்னா பண்ணிகினு இருந்த?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். நான் செல்லமாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாந்தி ஒருத்திதான் திருப்பிப் பேசுவாள். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் ஏதாவதொரு சாக்கில் போட்டுவிடுவார்கள்.

செல்வி பால் கவர் மேஜை. கவரைப் பக்கவாட்டில் கீறி விரித்து, தொட்டியில் அலசி, கயிற்றில் துணி மாதிரிக் கிளிப் போட்டுக் காயவைப்பாள். காய்ந்ததை அடுக்கிக் கட்டுவாள். அவள் கட்டின கட்டில் பால் வீச்சமே இருக்காது. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பேச்சு ரொம்பக் கம்மி. பெயிண்ட் அடிக்கிற அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டான். ஆகவே அந்தக் குடும்பம் சாப்பிடுவது செல்வியின் சம்பளத்தில். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பால் கவர்க் கட்டுகளை முருகேசன் என்பவர் எடுத்துப் போவார். கவரை உருக்கி அரிசிக் குருணை மாதிரி ஆக்கி, பைப் செய்கிறவர்களுக்கு விற்கும் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் எடுத்துப் போன வண்டி அப்படியே திரும்பி வந்தது. முருகேசன் இறங்கி, கை நிறையக் குருணையை என் மேஜையில் கொட்டினார். நடுநடுவே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி.

"பாரும்மா. உருக்கச் சொல்லோ கருகுது. சோளம் சுட்டா மாதிரி ஒரு வாடை. பைப் இழுத்தா ஓட்ட ஓட்டயா வருது. உன் சரக்கு எப்பவும் சுத்தமா இருக்குமேன்னு கண்ண மூடிகினு போட்டேன். மிசினு வேற அடச்சிகிச்சு."

இருபது கட்டுகளில் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஒரு மாத்திரை அட்டையும் இரண்டு பிஸ்கட் கவரும் இருந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பத்மா மேடமும் அன்று வந்திருந்தார். "யாரோட மேஜைன்னு பார்த்து நீங்களே ஒரு முடிவு எடுங்க ரோஸ்மேரி. இன்னொரு தரம் திரும்பி வரக் கூடாது" என்றார். குருணையின் கறுப்புப் புள்ளிக்கும் ஒரு மாத்திரை அட்டைக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் யோசிக்கவே இல்லை. வேலை தெரிந்தவள் என்ற என் பெயருக்கு வந்த இழுக்குதான் கண்ணை மறைத்தது.

"இன்னாடி இது? கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றேன் செல்வியிடம். "நாளையிலேர்ந்து வர வாணாம்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கையை அலம்பி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, கயிற்றில் கடைசியாகக் காய்ந்துகொண்டிருந்த கவர்களை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து பால் கவர் மேஜையில் நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு கவரையும் விரித்தேன், அலசினேன், கசக்கிக் காதில் வைத்தேன். பிஸ்கட் கவர் ஒன்றுகூட என்னைத் தாண்டவில்லை. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் ஒரு கர்வம். அடுத்த வண்டி போனது. நாலாம் நாள் திரும்பி வந்தது.

"போன தரமே பரவாயில்ல," என்றார் முருகேசன். "இது அத்த வுட மோசம்."

எனக்குக் கோபம் வரவில்லை. வியப்பாக இருந்தது. செல்வி போனால் சரியாக வேண்டும், அல்லது அப்படியே இருக்க வேண்டும். மோசமாவது எப்படி? நான் உட்கார்ந்து, என் கையால், என் காதால் பார்த்த கட்டு! இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சாந்தியிடம் மேற்பார்வையை விட்டுவிட்டு, கொட்டகையின் பின்பக்கம் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, சோப்பு ஒரு சொட்டு விட்டு, திரும்பி வந்த கட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு கவரிலும் ஒரு துண்டு வெட்டிப் போட ஆரம்பித்தேன். பால் கவர் மிதந்தது. துணிக்கடைப் பை மிதந்தது. ரொட்டி சுற்றின உறை மிதந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், வெளிர்பச்சையாக ஒரு துண்டு, தயங்கித் தயங்கி அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று. இன்னும் நாலு.

கட்டிலிருந்து அதன் தாய்ப் பையை எடுத்துப் பார்த்தேன். காய்கறிக் கடையில் கொடுக்கிற கைப்பிடிப் பை. ஓரத்தில் இலைப் படம். கசக்கினால் பால் கவர் மாதிரியே வாய் திறக்கவில்லை, ஆனால் விரலில் மாவு தொட்டது போல ஒரு வழுவழுப்பு. ஒரு துணுக்கைக் கொளுத்தினேன். மெழுகுவத்தி வாசனை இல்லை. தீய்ந்த சோள வாசனை.

பையைத் தூக்கிக்கொண்டு பத்மா மேடம் வீட்டுக்கே போனேன். அவர் முகம் மலர்ந்தது. "இதா? இது ரொம்ப நல்ல பை. பிளாஸ்டிக்கே கிடையாது, சோள மாவுல பண்றது. மண்ணுல போட்டா மக்கிடும். எங்க பிளாக்ல எல்லாரும் இதுக்கு மாறிட்டோம். கழுவி, காயவெச்சு, பால் கவரோடதான் போடறோம்."

"பால் கவரோட எதுக்கு மேடம் போடறீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க! நம்ம ஹால்ல கூட்டம் போட்டு, மொறமொறன்னு சத்தம் வராத மெல்லிசு பை எல்லாம் பால் கவரோடன்னு. நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

சொன்னேன். மைக் பிடித்து, கையை ஆட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு சொன்னேன். மக்குகிற பை மக்குகிற குப்பையோடு போயிருக்க வேண்டும். உருக்குகிற பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால் அது கருகும், மற்றதையும் கெடுக்கும். அப்படியொரு பை உலகத்தில் வந்துவிட்டது என்பதே எனக்குத் தெரியாது. நல்லவர்கள், நல்ல பையை, நான் சொன்னபடி நன்றாகக் கழுவி அனுப்பியிருக்கிறார்கள். தப்பு செய்தது நான். வேலை போனது செல்விக்கு.

படியிறங்கினேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பை ஆரம்பத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்றால், செல்வி போன பிறகு ஏன் கூடியது?

அன்றைக்கே கேளம்பாக்கத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஷீட் போட்ட ஒற்றை அறை. புருஷனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றது எனக்குச் சாட்டையடியாக இருந்தது. பச்சைப் பையை நீட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"இதுவா?" என்றாள். "இத்த நான்தான் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துகினு இருந்தேனே. கொட்டாங்குச்சி குவியலுக்குப் பின்னால ஒரு சாக்கு கீது, போய்ப் பாரு. ரெண்டு மாசத்து பை. நெறைய வந்துச்சு, கைக்குத் தப்புனது ஒண்ணு ரெண்டு போயிருக்கும்."

"இது வேறன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கயித்துல காயப் போட்டா மத்த கவரு வெரப்பா நிக்கும்க்கா. இது மட்டும் நனைஞ்ச துணி மாதிரி தொங்கும். அதான் இன்னாவோ கீதுன்னு தனியா வெச்சேன்."

இருபது வருஷத்துக்கு மேல் காதும் மூக்கும் தண்ணீரும் வைத்துப் பார்த்தவள் நான். கொடிக்கயிற்றைப் பார்க்கத் தோன்றவில்லை.

"ஏன் செல்வி, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே?"

அவள் புருஷனின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டாள். அவன்தான் பேசினான். "கேக்கறேன் கேக்கறேன்னுதான் தெனம் சொல்லிகினு போவும், மேடம். சாயங்காலம் இன்னாச்சுன்னா, பயமா கீதுன்னும்."

"கேட்டா இன்னா சொல்லுவ நீ?" என்றாள் செல்வி. "இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்தன்னு அஞ்சு பேரு முன்னாடி கேப்ப. வேல தெரியலன்னு நிறுத்திட்டா நான் இன்னா பண்றது? அதான் வாய மூடிகினு இருந்தேன். அப்பவும் நிறுத்திட்ட."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே வந்துவிடு என்றேன்.

"வரேன். வூடு நடக்கணுமில்ல? ஆனா எனக்குக் கோவம் போவலக்கா. அத்த சொல்லிட்டுத்தான் வருவேன்."

மறுநாள் காலை வண்டிகள் வருவதற்கு முன் ஐந்து பேரையும் நிற்கவைத்து, தப்பு யாருடையது என்று சொன்னேன். பத்மா மேடத்தையும் வரவழைத்திருந்தேன். அவர் எதிரில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, சொல்லி முடித்தேன். கொட்டாங்குச்சிக் குவியலுக்குப் பின்னால் இருந்த சாக்கைச் சாந்தி இழுத்து வந்து கொட்டினாள். முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பை. எல்லாம் கழுவி மடித்திருந்தது. அவரவர் மேஜைக்குப் போனோம்.

அரை மணி நேரம் இருக்கும். பால் கவர் மேஜையிலிருந்து செல்வியின் குரல் வந்தது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ரோசிக்கா! இது இன்னா?"

கையில் ஒரு சின்னப் பை. குழந்தைகளுக்குப் பழக்கூழ் வருமே, திருகுமூடி வைத்த பை. வாங்கிக் கசக்கினேன். பாதி மொறமொறத்தது, பாதி மொறமொறக்கவில்லை. ஒரு ஓரத்தை வெட்டி டிரம்மில் போட்டேன். முங்கவும் இல்லை, நன்றாக மிதக்கவும் இல்லை, நடுவிலே நின்றது. 'இது வேற ரகம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொட்டகையில் எல்லாக் கையும் நின்றிருந்தது.

"தெரியல செல்வி," என்றேன்.

"சத்தமா சொல்லுக்கா. அந்தாண்ட சாந்திக்குக் கேக்கல."

"தெரியல!" என்று கத்தினேன்.